கொம்பு வண்டுக்குப் பச்சைச் சீக்கு: வீட்டுத் தென்னை வைத்திருப்போருக்கு

மலேசியாவில், ஊத்தான் மெலிந்தாங்கில் எங்கள் தாமானின், அதாவது குடியிருப்பின், பின்வேலியைத் தாண்டினால் செம்பனைத் தீம்பார், எண்ணெய்ப்பனைத் தோட்டம். செம்பனைக்கு ஏறக்குறைய 25 வயதானால் மரத்தைச் சாய்த்து மறுநடவு செய்வார்கள். எங்கள் பக்கமும் செய்தார்கள். இயந்திரம் வந்து மரங்களைத் தள்ளி, தண்டுகளைச் சீவித் துண்டு போட்டு, வரிசை வரிசையாகக் குவித்துவிட்டுப் போனது. அந்தக் காலத்தில் எல்லாவற்றையும் எரித்துவிடுவார்கள். திறந்தவெளியில் எரிக்கச் சட்டம் இடம் கொடுக்காததால் இப்போது அப்படியே மக்க விடுகிறார்கள். புகை இல்லை, மண்ணுக்கும் சத்து. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அடுத்த ஆண்டு மழை ஓய்ந்த இரவுகளில் வாசல் விளக்கடியில் 'டொப்'பென்று கறுப்பு வண்டுகள் வந்து விழுந்தன. கொஞ்ச நாளில் எங்கள் தெருவில் முழுசாக இருந்த தென்னை ஓலை ஒன்றுகூட இல்லை.

புது வீடு வாங்கி, வாசலில் ஒன்றும் பின்கட்டில் ஒன்றுமாகப் பாண்டான் தென்னையோ மாத்தாக் என்ற கலப்பினத் தென்னங்கன்றோ நட்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெரிய தோட்டக்காரர்களுக்கு ஆளும் இருக்கிறது, மருந்தும் இருக்கிறது. நமக்கு இரண்டு மரமும் ஒரு மண்வெட்டியும்தான். அதுவே போதும்.

முதலில் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். குருத்தில் உட்கார்ந்து தின்பது ஒரு வண்டு, மிஞ்சினால் இரண்டு. அதன் பிள்ளைகள் கீழே ஏதோ ஒரு மக்கிய குவியலில் பத்து, ஐம்பது என்று கிடக்கும். மரத்தில் ஏறிச் சண்டை போடுகிறவர் ஆயுசுக்கும் ஏறிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். சண்டையைக் கீழே போடுங்கள். அங்கே உங்களுக்காக வேலை செய்ய ஆட்கள் இருக்கிறார்கள்: ஒரு பூஞ்சை, ஒரு வைரஸ், நாலு கோழி.

இது அந்த வண்டுதானா?

ஓலை விரிந்த பிறகு அதில் 'வி' வடிவத்தில் வெட்டுத் தெரிந்தால் கொம்பு வண்டு வந்துபோயிருக்கிறது என்று பொருள். சில ஓலைகள் விசிறி மடித்து நுனியைக் கத்தரித்தாற்போல இருக்கும். ஓலை குருத்தாகச் சுருண்டிருந்தபோதே வண்டு குடைந்துவிட்டது. வெட்டு நம் கண்ணுக்குத் தெரிவது பிறகுதான். ஆகவே இன்று நீங்கள் பார்க்கும் வெட்டு பழைய காயம். புதுக் காயம் வேண்டுமானால் மட்டை அடியைப் பாருங்கள். கட்டைவிரல் நுழையும் அளவு ஓட்டையும், அதன் வாயில் மென்று துப்பிய நார்ச்சக்கையும் இருக்கும். சக்கை ஈரமாக இருந்தால் ஆள் உள்ளேதான்.

வண்டைப் பிடித்தால் திருப்பிப் போட்டுப் பாருங்கள். மூன்றரை முதல் ஐந்து சென்டிமீட்டர் நீளம், பளபளக்கும் கறுப்பு, தலையில் பின்பக்கம் வளைந்த ஒற்றைக் கொம்பு. கொம்பு நீளமாக இருந்தால் பெரும்பாலும் ஆண். ஆனால் கொம்பை நம்பாதீர்கள், சின்ன ஆண்களுக்கு அது குட்டையாகவே இருக்கும். வயிற்றின் கடைசி நுனியைப் பாருங்கள். அங்கே செம்பழுப்பு மயிர் புதராக இருந்தால் பெண். வழுவழுவென்றிருந்தால் ஆண். பெண் வண்டு கையில் கிடைத்தால் அன்றைக்கு நல்ல வேட்டை.

கவட்டைபோல இரண்டு கொம்பு வைத்த பழுப்பு வண்டும் விளக்குக்கு வரும், காட்டோரமாக இருந்தால் மூன்று கொம்புள்ள பெரிய வண்டும் வரும். அவை வேறு சாதி. பையன்கள் விளையாடட்டும், விட்டுவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. மரத்தண்டில் பழுப்பு நீர் வடிந்து புளித்த வாடை அடித்தால் அது சிவப்புக் கூன்வண்டாக இருக்கலாம். கொம்பு வண்டு போட்ட ஓட்டை வழியாகத்தான் அதுவும் பல நேரம் உள்ளே போகிறது. அதற்கு இந்தக் கட்டுரை மருந்தாகாது. விவசாய இலாகாவுக்குத் தகவல் சொல்லுங்கள்.

தொட்டிலைத் தேடுங்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கையுறை போட்டுக்கொண்டு வீட்டைச் சுற்றி நூறு தப்படி நடங்கள். சாய்ந்து கிடக்கும் தென்னந்தண்டு, நின்றபடியே பட்டுப்போன மரம், பழைய மாட்டுச்சாணம், மரத்தூள், பழம் உதிர்த்தபின் மக்கிய செம்பனை வெற்றுக்குலை, மூன்று மாதமாக யாரும் கிளறாத குப்பைமேடு. இவைதான் தொட்டில். மேல்பகுதியைக் கையால் விலக்கி ஓரடி ஆழம் தோண்டுங்கள். சோற்றுப் பருக்கையைவிடச் சற்றுப் பருத்த வெள்ளை முட்டைகள், 'சி' எழுத்துபோல வளைந்த வெள்ளைப் புழுக்கள், சில இடத்தில் நாரையும் மண்ணையும் சேர்த்துக் கட்டிய கூடு கிடைக்கும். வளர்ந்த புழு உள்ளங்கையை நிறைக்கும். முதல்முறை பார்க்கிறவர்களுக்கு அருவருப்பாகத்தான் இருக்கும், பழகிவிடும்.

நாள் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள், பின்னால் உதவும். முட்டை பொரிக்க 8 முதல் 12 நாள். புழுவாக இருப்பது 80 முதல் 200 நாள். கூட்டுக்குள் மூன்று வாரம். அதன் பிறகு வண்டாகி மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். அதாவது இன்றைக்கு ஒரு குவியலில் முட்டை விழுந்தாலும், 60 நாளில் அதைக் கிளறினால் எல்லாமே இன்னும் புழுவாகத்தான் இருக்கும். ஒன்றுகூடப் பறந்திருக்காது.

அக்கம்பக்கத்து வீட்டிலும் கேட்டுப் பாருங்கள். எங்கள் தெருவில் பெரிய தொட்டில் இருந்தது மூன்றாவது வீட்டு மாக்சிக்கின் (மலாய் அத்தையின்) கோழிக்கூண்டுக்குப் பின்னால். அவருக்கு உரம், வண்டுக்குப் பிரசவ ஆஸ்பத்திரி. குற்றம் சொல்லாமல், ஒரு வாளிப் புழுவை அவர் கோழிகளுக்கே போட்டுக் காட்டினேன். அன்றைக்கே அவர் நம் கட்சி.

நம் பக்கத்து ஆட்கள்

இந்த வண்டுக்கு நம் நாடு சொந்த ஊர். தெற்காசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் அது தொன்றுதொட்டு இருக்கிறது. அந்நிய ஊருக்குப் போனபோதுதான் அதன் அட்டகாசம் முழுசாகத் தெரிந்தது. 1909இல் சிலோனிலிருந்து ரப்பர்க் கன்றுகளோடு ஒட்டிக்கொண்டு சமோவாத் தீவுக்குப் போய் இறங்கியது. நம் பாட்டன்மார் பால்மரம் வெட்டக் கப்பலேறிய அதே காலம், அதே ரப்பர். அங்கே இதை அடக்க எந்த எதிரியும் இல்லை. தென்னைகள் மொட்டையாகின. எதிரியைத் தேடி ஆலோயிஸ் ஹூகர் என்ற ஜெர்மன் ஆய்வாளர் மலாயாவுக்கு வந்தார். மலாயா மலேசியாவான அதே 1963இல், இங்கே கிடைத்த சீக்குப் புழுக்களில் ஒரு வைரஸைக் கண்டுபிடித்தார். அதற்கு 'மலாயா நோய்' என்றே பேர். 1967இல் அதை மேற்குச் சமோவாவில் விட்டார்கள். வண்டுக் கூட்டம் சரிந்தது. பிறகு பசிபிக் தீவு பலவற்றுக்கும் அது போனது.

அந்த வைரஸைக் கடையில் வாங்க முடியாது. வாங்க வேண்டியதுமில்லை, நம் தீம்பார்களிலேயே இருக்கிறது. புழுவைத் தோண்டும்போது அடையாளம் தெரிந்தால் போதும். நல்ல புழு பால் வெள்ளையாக, வால் பக்கம் மட்டும் கறுத்து, தொட்டால் துள்ளும். வைரஸ் பிடித்தது அகர் அகர்போலக் கண்ணாடியாகி, தளர்ந்து, சிலவேளை பின்புறம் பிதுங்கிக் கிடக்கும். அப்படி ஒன்றைக் கண்டால் கோழிக்குப் போடாதீர்கள். குவியலிலேயே திரும்பப் புதைத்துவிடுங்கள். வண்டுக்கும் இது தொற்றும். தொற்றிய வண்டு உடனே சாகாது. தீனி குறையும், பறப்பது குறையும், முட்டையும் குறையும். ஆனால் போகிற இடமெல்லாம் எச்சத்தில் வைரஸை விட்டுவிட்டுப் போகும். பறந்து பறந்து சீக்கைப் பரப்பும் தபால்காரன் அது.

ஆனால் ஒரே ஆளை நம்பக்கூடாது. 2007இல் குவாம் தீவில் தலைகாட்டிய கொம்பு வண்டு வகைக்கு இந்த வைரஸ் சரியாகப் பிடிக்கவில்லை. அதனால் வீட்டுக்காரர்களுக்கு நான் முதலில் சொல்வது இரண்டாவது ஆளை.

அது மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூஞ்சை. அதன் வித்து புழுவின் தோலில் ஒட்டி, முளைவிட்டு, துளைத்து உள்ளே போகும். புழு வாயால் தின்ன வேண்டும் என்பதே இல்லை, தொட்டாலே போதும். ஒன்றிரண்டு வாரத்தில் புழு அசைவற்று விறைக்கும். பிறகு மேலெல்லாம் வெள்ளைப் பஞ்சு படரும். அடுத்த சில நாளில் அந்தப் பஞ்சு பச்சையாகும். விரலால் தொட்டால் பச்சைப்பயற்று மாவுபோல ஒட்டும். அந்த மாவின் ஒவ்வொரு துகளும் அடுத்த புழுவுக்கான வித்து. மலேசிய செம்பனை வாரியம் இந்தப் பூஞ்சையில் நெடுங்காலமாக வேலை செய்து, தோட்டங்களுக்கு ஏற்ற தூளாகவும் ஆக்கியிருக்கிறது. விவசாயப் பொருள் கடையில் 'மெட்டாரைசியம்' என்று பேரைச் சொல்லிக் கேளுங்கள். பொட்டலத்தில் காலாவதித் தேதி பாருங்கள். உள்ளே இருப்பது உயிர், உப்பு இல்லை. வெயிலில் அடுக்கி வைத்திருக்கும் கடையில் வாங்காதீர்கள்.

பொறிக்குவியல்

இதுதான் முக்கியமான வேலை. எல்லாக் குப்பையையும் துடைத்து அகற்றிவிட்டால் வண்டு உங்கள் வேலிக்கு வெளியே முட்டையிடும், உங்கள் தென்னையில் சாப்பிடும். அதனால் நீங்களே ஒரு தொட்டில் செய்து கொடுங்கள், சீக்கோடு சேர்த்து.

மர நிழலில், தென்னையிலிருந்து கொஞ்சம் தள்ளி, ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் இடம் எடுங்கள். நாலு பக்கமும் பழைய பலகை அல்லது செங்கல் வைத்து அரை மீட்டர் உயரத்துக்கு நிரப்புங்கள். பாதி மக்கிய தண்டுச் சீவல் அல்லது மரத்தூள், கால்பங்கு பழைய மாட்டுச்சாணம், மீதி வெற்றுக்குலையோ இலைக்குப்பையோ. ஈரம் எப்படி இருக்க வேண்டும் என்றால், ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு எட்டிப் பார்க்க வேண்டும், ஒழுகக்கூடாது.

உடனே பூஞ்சையைக் கொட்டாதீர்கள். புதுக் குவியல் உள்ளுக்குள் கொதிக்கும். கையை விட்டுப் பார்த்தால் சுடுசோற்றுப் பானை மாதிரி இருக்கும். அந்தச் சூட்டில் பூஞ்சை செத்துப்போகும், வண்டும் அதில் முட்டையிடாது. மூன்று நாலு வாரம் பொறுத்து, உள்ளே கை விட்டுக் குளிர்ந்திருந்தால் மட்டும் அடுத்த வேலை.

பொட்டலத்தில் சொன்ன அளவுத் தூளை ஒரு வாளித் தண்ணீரில் கரையுங்கள். கரையாது, எண்ணெய்போல மேலே மிதக்கும். பாத்திரம் கழுவும் சோப்பு நாலு சொட்டு விட்டுக் கலக்கினால் கரையும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும் என்பதால் மழைத்தண்ணீர் நல்லது, இல்லையென்றால் ஒரு இரவு திறந்து வைத்த தண்ணீர். மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ளுங்கள். விஷமில்லை என்றாலும் தூசு தூசுதான். சாயங்காலம் வெயில் சாய்ந்த பிறகு குவியலைப் பிரித்து அடுக்கடுக்காகத் தெளித்து மறுபடி மூடுங்கள். மேலே மட்டும் தெளித்தால் வெயில் வித்துகளைக் கொன்றுவிடும். புழு இருப்பது ஓரடி ஆழத்தில், சீக்கும் அங்கேதான் இருக்க வேண்டும். கடைசியில் காய்ந்த தென்னோலை போட்டு மூடுங்கள்.

இப்போது என் கதை. முதல் ஆண்டு நான் குவியல் போட்டேன், பூஞ்சைக்குச் சொல்லியும் வைத்தேன். தூள் வரவில்லை. தைப்பூசம் வந்தது, பிள்ளைக்குச் சோதனை வந்தது, பின்கட்டுப் பக்கமே போகவில்லை. ஐந்து மாதம் கழித்துத் தோண்டினால் கட்டைவிரல் பருமனில் அறுபத்து மூன்று புழு. பத்துப் பன்னிரண்டு காலிக் கூடுகள் வேறு. அதிலிருந்தவை ஏற்கெனவே பறந்து தெருவுக்குப் போய்விட்டன. பக்கத்து வீட்டு அத்தை வேலியோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "ஏம்மா, விக்கிறதுக்கா வளக்கிற?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. பூஞ்சை இல்லாத பொறிக்குவியல் வெறும் வண்டுப் பண்ணை. தூள் கைக்கு வந்த பிறகுதான் குவியலையே தொடங்குங்கள்.

அதனால்தான் அந்த 60 நாள் கணக்கு. நாட்காட்டியில் வட்டம் போட்டுவிடுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை குவியலைக் கிளறி எண்ண வேண்டும்: உயிருள்ள புழு எத்தனை, விறைத்தது எத்தனை, பச்சையானது எத்தனை. பச்சையானவற்றை உடைத்து அங்கங்கே தூவிப் புதைத்துவிடுங்கள். உயிருள்ளவை பாதிக்கு மேல் இருந்தால் அவற்றைப் பொறுக்கி எடுத்துவிட்டு மறுபடி பூஞ்சை தெளியுங்கள். பொதுவாக ஈரம் குறைந்ததுதான் காரணமாக இருக்கும்.

வலை

குவாமில் செய்யும் ஒரு வேலை எனக்குப் பிடித்தது. குப்பைக்குவியல் மேல் பழைய மீன்வலையைத் தொளதொளவென்று போர்த்திவிடுகிறார்கள். முட்டையிட வரும் வண்டும், கூட்டிலிருந்து வெளியே போகும் வண்டும் கால் சிக்கி மாட்டிக்கொள்ளும். நம் ஊரில் ஆற்றோரம் படகு கட்டுமிடத்தில் கிழிந்த வலைக்கா பஞ்சம்? மெல்லிய நைலான் வலையாகக் கேட்டு வாங்குங்கள், சும்மாவே கொடுப்பார்கள். ஒன்று மட்டும்: தினமும் காலையில் பார்க்க வேண்டும். ஓணானும் சிட்டும் மாட்டும். மாட்டினால் கத்தரியால் வலையை வெட்டி விடுங்கள். தினம் பார்க்க முடியாதவர்கள் வலை போடவே வேண்டாம்.

கோழி

கோழி இருப்பவர்களுக்கு யோகம். ஆனால் பொறிக்குவியலில் கோழியை விடாதீர்கள். அது கிளறிக் காயப்போட்டுவிடும், பூஞ்சை பிடிக்கப்போகும் புழுவையும் தின்றுவிடும். சாதாரணக் குப்பைமேட்டைக் கிளறும் நாளில் கோழிகளைத் திறந்துவிட்டு ஓரமாக உட்காருங்கள். பத்து நிமிடத்தில் வேலை முடியும்.

மேலே குருத்தில்

கீழே போட்ட வேலை பலிக்க மாதங்கள் ஆகும். அதுவரை மரம் தாங்க வேண்டுமே. கன்றுதான் முதலில் போகும். வண்டு குடைந்து வளர்நுனியைத் தொட்டுவிட்டால் அந்தக் கன்று பிழைக்காது, எந்தப் பூஞ்சையும் அதைத் திருப்பித் தராது. ஆகவே வாரம் ஒருமுறை மட்டை இடுக்குகளைப் பாருங்கள். ஓட்டையில் ஈரச் சக்கை இருந்தால், நுனியைக் கொக்கியாக வளைத்த கம்பியை உள்ளே விட்டு வண்டைக் குத்தி இழுத்துவிடுங்கள். குருத்தைக் கிழிக்காமல் பொறுமையாகச் செய்ய வேண்டும். பிறகு வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து, உச்சியில் குருத்தையொட்டிய மூன்று மட்டை இடுக்குகளில் போடுங்கள். மரத்துக்கு 150 கிராம் போதும். தமிழ்நாட்டுத் தென்னைக்காரர்கள் நெடுநாளாகச் செய்வது இது.

வாசனையால் வண்டை இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி வாளியையும் சிலர் சிபாரிசு செய்வார்கள். பெரிய தோட்டத்துக்கு நல்லது. இரண்டு மரக்காரர் அதை வாசலில் தொங்கவிட்டால் தீம்பார் வண்டு பூராவும் விருந்துக்கு வரும். வாளியில் விழுவது கொஞ்சம், உங்கள் குருத்தில் இறங்குவது மிச்சம். எனக்கு உடன்பாடில்லை.

பூச்சிமருந்தும் அப்படித்தான். குவியலில் அதை ஊற்றினால் புழு சாகலாம், கூடவே அதைத் தின்னும் எறும்பும் இரைவண்டும் சாகும். பூஞ்சைக்கொல்லி மருந்தோ கேட்கவே வேண்டாம், நீங்கள் காசு கொடுத்து வாங்கிய கூலியாளையே கொல்வது. ரோஜாவுக்கு அடித்த மிச்சத்தைக் குவியலில் கொட்டிவிடாதபடி வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வையுங்கள்.

தோட்டத்தில் மறுநடவு செய்யும்போது குவியல்களின் மேல் முக்குணா என்ற மூடுபயிர்க் கொடியைப் படரவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். பசுமையாய் மூடிவிட்டால் வண்டு இறங்கத் தடுமாறும். வீட்டில் அகற்ற முடியாத பழைய தண்டு கிடந்தால் அதன்மேல் பூசணிக்கொடி விடுங்கள். பூசணியும் கிடைக்கும்.

எவ்வளவு நாள்?

எங்கள் வீட்டில் பூஞ்சை போட்டு இரண்டாவது கிளறலில்தான் பச்சைப் புழு பார்த்தேன், ஏழு. ஓலையில் வெட்டு குறைந்தது தெரிய ஓராண்டு பிடித்தது. ஏற்கெனவே வெட்டுப்பட்ட குருத்து விரிந்து, பழுத்து விழுந்து தீர வேண்டாமா? பழைய ஓலையைப் பார்த்துச் சலித்துக்கொள்ளாமல் புதிதாக விரியும் ஓலையை மட்டும் பாருங்கள். நான் ஒவ்வொரு புது ஓலையின் அடிமட்டையிலும் அது விரிந்த மாதத்தைப் பேனாவால் எழுதி வைக்கிறேன். வெட்டு இருந்தால் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி.

பச்சைப் புழு கிடைக்க ஆரம்பித்ததும் அடுத்த வீட்டுக்காரருக்குத் தூள் வாங்கத் தேவையில்லை. நாலைந்து பச்சைப் புழுவை ஈரமான மரத்தூளோடு பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு, மூடியில் ஊசியால் ஓட்டை குத்தி, வெயில் படாமல் எடுத்துப்போய்க் கொடுங்கள். அவர் அன்று மாலையே சோப்புத் தண்ணீரில் கசக்கித் தன் குவியலில் ஊற்றிவிட வேண்டும். டப்பாமேல் கொட்டை எழுத்தில் 'புழு' என்று எழுதிவிடுங்கள். எங்கள் வீட்டில் எழுதாமல் மேசையில் வைத்துவிட்டேன். என் மாமியார் கரண்டியோடு திறந்தார்.